சுத்தக் கூட்டின் கடைசி வரி

மார்சிலிங், 5 மார்ச் 2024

தம்பி அழகப்பா,

நேத்து ஜலாலுதீன் லாரியில பெட்டி வந்துச்சு. நாற்பத்தெட்டு முட்டையும் முழுசு. எல்லைப் பாலத்துல ரெண்டு மணி நேரம் ஜாம்னு சலிச்சுக்கிட்டார் மனுஷன். நீ, உன் பொண்டாட்டி பாப்பாத்தி, உன் முழங்கால், மூணு பேரும் எப்படி? என் கைக்கு ஒன்னும் குறைச்சலில்ல. ஜனவரியில மணிக்கட்டுல ஆபரேஷன் பண்ண இடம் இப்ப ஒரு கோடாத்தான் தெரியுது. போன வாரம் தேக்கா மார்க்கெட்ல தேங்காயை ஒத்தைக் கையால தூக்கி ஆட்டிப் பார்த்துத்தான் வாங்கினேன்.

நம்ம கோழி முட்டையை வச்சு அக்கா லேப்ல என்னதான் பண்றாங்கன்னு பாப்பாத்தி கேட்டாளாமே. சொல்லு அவகிட்ட. ஏழு நாள் கருவோட கண்ணுல இருந்து நரம்புச் செல்லை எடுத்துக் கண்ணாடித் தட்டுல போடுவேன். அது தானா பெருகாது, சும்மா கிடக்கும். அதுக்கு ஒரு வைரஸைக் குடுப்போம். மனுஷனுக்கு அது ஒன்னும் பண்ணாது. ஆனா செல்லு தான் யாருன்னே மறந்துட்டு, தறிகெட்டுப் பெருக ஆரம்பிச்சுடும். எங்க வைரஸ் ஒரு தனி ரகம். முப்பத்தேழு டிகிரியில ஆடும், நாற்பத்தொன்னுக்கு ஏத்தினா அடங்கிடும். அது அடங்கினதும் செல்லுக்குத் தன் நினைப்பு வரும். பெருகறதை நிறுத்திட்டு, நீளமா நூல் விட்டு, நிஜ நரம்பா மாறும். அந்த மாற்றத்தை எது தீர்மானிக்குதுன்னு கண்டுபிடிக்கத்தான் டாக்டர் வைஷாலி மூணு வருஷமா உட்கார்ந்திருக்கா. கையால செய்யறது நான்.

ஏன் இன்னும் கடுதாசி, போன் இல்லையான்னு ஜலாலுதீன் சிரிக்கறார். போன்ல நீ 'ம்' மட்டும் கொட்டுவ. அதோட, பெட்டியில வர்ற உன் சீட்டைப் பார்த்துத்தான் நான் லேப் ரெஜிஸ்டர்ல எழுதிக் கையெழுத்துப் போடணும். சுத்தக் கூட்டில் புதுசு எதுவும் சேரலன்னு நீ எழுதற அந்தக் கடைசி வரியை மட்டும் மறக்காதே. வெளிக்கோழி ஒன்னு உள்ளே வந்தாலும் வேற வைரஸ் வந்துடும், அப்புறம் எல்லாம் குப்பை.

அன்போடு,
அக்கா கண்மணி

*

கூலாய், 18 மார்ச் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பியோட வணக்கம். நாங்க நல்லாருக்கோம், நீங்களும் நல்லா இருக்கணும். முழங்கால் மட்டும் நல்லாயில்ல, அது என்னைக்கு நல்லாருந்துச்சு.

இந்தத் தடவையும் நாற்பத்தெட்டு முட்டை. வெயில் மண்டையைப் பிளக்குது. சுத்தக் கூட்டுல இருபது பெட்டையும் தாக்குப் பிடிக்குது, சேவல் ரெண்டும்தான் சோர்ந்து கிடக்கு. மின்விசிறி இன்னொன்னு மாட்டியிருக்கேன்.

உங்களுக்குக் கை சரியானா ஒரு சேவல் விடறேன்னு பாப்பாத்தி முனீஸ்வரனுக்கு நேர்ந்திருந்தா. நேத்து மஞ்சத்தண்ணி தெளிச்சு விட்டாச்சு. கோயில்ல வச்சுக்க இடமில்லன்னு பூசாரி சொன்னதால இங்கேயே வளருது. அடிக்கவும் முடியாது, விக்கவும் முடியாது. வாசல்ல வர்றவங்களை எல்லாம் விரட்டுது. உங்க பேர்ல விட்ட சேவல் இல்லையா, அந்தக் குணம்தான் இருக்கும்னு பாப்பாத்தி சொல்றா.

சுத்தக் கூட்டில் புதுசு எதுவும் சேரவில்லை.

தங்கள் தம்பி
அழகப்பன்

*

மார்சிலிங், 2 ஏப்ரல் 2024

தம்பி அழகப்பா,

உங்க ரெண்டு பேர் உடம்பையும் முதல்ல விசாரிச்சுடறேன், அப்புறம் திட்டப் போறேன். நல்லாருக்கீங்களா? சரி.

நேத்து வந்த நாற்பத்தெட்டுல பத்தை இன்னைக்கு உடைச்சுப் பார்த்தா, ஒன்னுலகூட கருவோட புள்ளி இல்ல, அடைக்கே வராத வெறும் முட்டை. இதுக்கு முந்தின பெட்டியிலேயும் ஏழு நாள் கழிச்சுப் பார்த்தப்ப முப்பது கூமுட்டை. கரு இல்லாத முட்டையில நான் எந்தக் கண்ணைத் தேடறது? எங்க லேப் தலைவர் ப்ரொஃபசர் லிம் மூக்குக் கண்ணாடியைக் கழட்டித் துடைச்சார். அவர் துடைச்சார்னா கோபம்னு அர்த்தம். வேற பண்ணை பார்க்கலாமான்னு வைஷாலி அவர்கிட்ட கேக்கறா, நான் பக்கத்துல நிக்கும்போதே. ஒன்பது வருஷம் முன்னால என் தம்பி பண்ணைன்னு நான் சிபாரிசு பண்ணித்தான் உன் முட்டை இந்த லேப்புக்குள்ள வந்துச்சு. என் மானம் உன் சேவல் கையில இருக்கு.

எனக்கு வயசு அறுபத்தி நாலு. வருஷா வருஷம் டிசம்பர்ல என் கான்ட்ராக்டைப் புதுப்பிப்பாங்க. இந்த வருஷம் மாட்டேன்னு சொல்ல ஒரு சாக்கு போதும். நீ என்ன பண்ணுவியோ எனக்குத் தெரியாது. அடுத்த பெட்டியில கரு இருக்கணும்.

அக்கா கண்மணி

*

கூலாய், 15 ஏப்ரல் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். இங்கே சுகம், அங்கேயும் அப்படியே இருக்கட்டும். புத்தாண்டு வாழ்த்து. பாப்பாத்தி மாங்காய்ப் பச்சடி வச்சா, உங்களை நினைச்சுக்கிட்டோம்.

நாற்பத்தெட்டு முட்டை. இனிமே கருவுக்குக் குறை இருக்காது, கவலைப்படாதீங்க. கையைப் பார்த்துக்குங்க.

லாரி வந்துடுச்சு. ஜலாலுதீன் ஹார்ன் அடிக்கறார்.

தங்கள் தம்பி
அழகப்பன்

*

மார்சிலிங், 9 ஜூலை 2024

தம்பி அழகப்பா,

பாப்பாத்தி அனுப்பின ஊறுகாய்க்கு நன்றி சொல்லு. உன் முழங்காலுக்கு நல்ல எண்ணெய் வாங்கி வச்சிருக்கேன். மூணு மாசமா பெட்டிக்குப் பதில் நாலு வரிக்கு மேல எழுதல, இன்னைக்குச் சேர்த்து எழுதறேன், பொறுமையா படி.

உன் முட்டைமேல ஒரு குறை சொல்ல முடியாது. ஏப்ரல்ல இருந்து நாற்பத்தெட்டுக்கு நாற்பத்தி அஞ்சு, நாற்பத்தி ஆறுல கரு. செல்லு குண்டு குண்டா, பளிச்சுன்னு இருக்கு. ஆனா வைரஸ் பிடிக்க மாட்டேங்குது. ஜூன் மாசம் நாலு தட்டுல ஒன்னு பிடிக்கல. போன வாரம் ஒன்னுகூட பிடிக்கல. முப்பத்தேழு டிகிரியில கொதிக்க வேண்டிய செல்லு, ஞாயித்துக்கிழமை ஆபீஸ் மாதிரி சும்மா கிடக்கு.

நேத்து மீட்டிங். வைஷாலி திரையில ஒரு கோடு போட்டுக் காமிச்சா. கோடு இறங்குது. அதுல என் ஆபரேஷன் தேதிக்கு ஒரு புள்ளி வச்சிருக்கா, இறக்கம் எல்லாம் அதுக்கப்புறம்தான். "நான் யாரையும் பிளேம் பண்ணல ஆண்ட்டி, டேட்டாதான் சொல்லுது" அப்படின்னா. எட்டு பேர் உட்கார்ந்திருக்காங்க. எட்டு பேரும் என் கையைப் பார்க்கறாங்க. நான் கையை மேசைக்கு அடியில மறைச்சுக்கிட்டேன் தம்பி. தப்பு பண்ணவ மாதிரி மறைச்சேன். அதை நினைச்சாத்தான் எனக்கு இன்னும் ஆத்திரமா வருது.

மார்ச், ஏப்ரல், மே மூணு மாசமும் இதே கைதானே செஞ்சுச்சு, அப்ப பிடிச்சுதேன்னு கேட்டேன். வைஷாலி அடுத்த படத்துக்குப் போயிட்டா. முட்டையையும் சோதிக்கலாம்னு ஒரு வார்த்தை நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு. ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னு சொன்ன கதையாயிடும்னு விழுங்கிட்டேன். உன் பேரையும் எதுக்கு இழுக்கணும்.

அங்கே ஏதாவது மாறியிருக்கா? தீவனம், தண்ணி, ஏதாவது?

அக்கா கண்மணி

*

கூலாய், 22 ஜூலை 2024

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். நாங்க சுகம். நாற்பத்தெட்டு முட்டை.

உங்க கடுதாசியைப் படிச்சுட்டு பாப்பாத்தி அழுதா. தீவனம் அதே தீவனம், தண்ணி அதே தண்ணி. இந்த வருஷம் டுரியான் நல்ல காய்ப்பு, பக்கத்துத் தோட்டத்துல குடுத்தாங்க, ஜலாலுதீன்கிட்ட தனிப் பையில அனுப்பியிருக்கேன்.

அந்த வைரஸ் பழசாயிருக்குமோ அக்கா? வேற வாங்கிப் பார்க்கச் சொல்லுங்களேன். இல்லன்னா உழைச்சது போதும்னு இங்கே வந்துடுங்க. ரூம் சும்மாத்தான் கிடக்கு. எதுக்கு இந்த வயசுல அவங்க கிட்டல்லாம் பேச்சு வாங்கணும்.

தங்கள் தம்பி
அழகப்பன்

*

மார்சிலிங், 6 ஆகஸ்ட் 2024

தம்பி அழகப்பா,

சுகம் விசாரிக்கிற மனநிலையில நான் இல்ல, இருந்தாலும் கேக்கறேன், எல்லாரும் சௌக்கியமா?

வந்துடுங்கன்னு எழுதியிருக்க. எதுக்கு வரணும்? கை நடுங்கிப் போய் வேலையை விட்டவன்னு பேர் வாங்கிட்டு, உன் ரூம்ல உட்கார்ந்து டுரியான் தின்னணுமா? இருபத்தேழு வருஷம். இந்தக் கையில செஞ்ச செல்லை வச்சு நாலு பேர் டாக்டர் பட்டம் வாங்கிட்டுப் போயிருக்காங்க. நான் ரிடையர் ஆகறதுன்னா நிமிர்ந்துதான் ஆவேன்.

போன வாரம் எனக்குப் பரீட்சை வச்சாங்க. பிப்பெட்டால தண்ணியை எடுத்துத் தராசுல சொட்டுச் சொட்டா விடணும், முப்பது தடவை. ஒவ்வொரு சொட்டும் ஒரே எடை இருக்கணும். ப்ரொஃபசர் பின்னால நின்னு பார்த்தார். முப்பதும் ஒரே எடை. வைஷாலி செஞ்சதுல மூணு தப்பு. அதுக்கப்புறமாவது மன்னிப்பு கேப்பாங்கன்னு நினைச்சேன். "குட், குட்" அப்படின்னுட்டு ப்ரொஃபசர் போயிட்டார். நான் என்ன பால்வாடிப் பிள்ளையா, முதுகுல தட்டிக் குடுக்க?

வேற வைரஸ் வாங்கியாச்சு. அதுவும் பிடிக்கல. இப்ப நானே எழுதிக் குடுத்துட்டேன். வெளிநாட்டுல இருந்து சான்றிதழோட முட்டை வரட்டும். அதையும் உன் முட்டையையும் பக்கத்துப் பக்கத்துல வைக்கலாம். ரெண்டையும் நானும் செய்யறேன், வைஷாலியும் செய்யட்டும். எது யாரோடதுன்னு தட்டுல பேர் போடக் கூடாது. உன் முட்டையும் பிடிச்சு, என் தட்டு மட்டும் பிடிக்கலன்னா, என் கைதான் தப்புன்னு நானே ஒத்துக்கறேன்.

உன் முட்டைமேல எனக்குச் சந்தேகம் இல்ல. சந்தேகம் இல்லன்னு நிரூபிக்கத்தான் இது.

அக்கா கண்மணி

*

கூலாய், 2 செப்டம்பர் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். நாற்பத்தெட்டு முட்டை. பாப்பாத்திக்கு லேசா காய்ச்சல், இப்ப தேவலை.

அந்தச் சோதனையைக் கட்டாயம் பண்ணித்தான் ஆகணுமா அக்கா?

தங்கள் தம்பி
அழகப்பன்

*

மார்சிலிங், 17 செப்டம்பர் 2024

அழகப்பா,

பாப்பாத்தி காய்ச்சல் இறங்கிடுச்சா, அதை முதல்ல எழுது.

சோதனை முடிஞ்சுது. வெளிநாட்டு முட்டையில வைஷாலி செஞ்சதும் பிடிச்சுது, நான் செஞ்சதும் பிடிச்சுது. என்னோடது கூடவே பிடிச்சுது. முப்பத்தேழுல தட்டு நிறைஞ்சு வழிஞ்சுது. நாற்பத்தொன்னுல வச்சு மூணாம் நாள் மைக்ராஸ்கோப்புல குனிஞ்சு பார்க்கறேன், ஒவ்வொரு செல்லும் நூல் விட்டு அடுத்த செல்லைத் தொட்டுக்கிட்டு நிக்குது. வைஷாலி பக்கத்துல நின்னு அழுதுட்டா. ஆண்ட்டி சாரின்னா. நான் அழல. எனக்கு வேற ஒன்னு பார்க்க வேண்டியிருந்துச்சு.

உன் முட்டையில நான் செஞ்சதும் பிடிக்கல, அவ செஞ்சதும் பிடிக்கல. ஏன்னு சோதிச்சுப் பார்த்துட்டாங்க. உன் கோழிங்களுக்குள்ள ஏற்கெனவே ஒரு வைரஸ் இருக்கு. எங்க வைரஸுக்குச் சொந்தக்காரன், ஆனா சாது. செல்லை ஒன்னும் பண்ணாது, உள்ளே போய் உட்கார்ந்துக்கும். ஹாக்கர் சென்டர்ல சாப்பிடப் போனா டிஷ்யூ பாக்கெட் வச்சு மேசை பிடிப்போமே, அது மாதிரி. அப்புறம் வர்றவனுக்கு இடம் கிடையாது. அதனாலதான் செல்லு பார்க்க அவ்வளவு அழகா இருந்துச்சு.

அந்த வைரஸ் காத்துல பறந்து வராது. கோழியோடதான் வரும்.

நான் வீட்டுக்கு வந்து உன் சீட்டையெல்லாம் கட்டில்ல பரப்பினேன். ஏப்ரல் பதினஞ்சுலேருந்து நேத்து வரைக்கும் பன்னிரண்டு. ஒன்னுலகூட அந்தக் கடைசி வரி இல்ல. முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைச்சிருக்க. இல்ல, மறைக்கக்கூட இல்ல. சும்மா எழுதாம விட்டுட்டு, இவளுக்கு எங்கே தெரியப் போகுதுன்னு இருந்திருக்க. எட்டு பேர் நடுவுல நான் கையை மறைச்சுக்கிட்டேன்னு எழுதினேனே, அதைப் படிச்சுட்டும் டுரியான் அனுப்பியிருக்க.

நேராக் கேக்கறேன். கூட்டில் என்ன சேர்ந்துச்சு?

கண்மணி

*

கூலாய், 23 செப்டம்பர் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

பாப்பாத்திக்குக் காய்ச்சல் இறங்கிடுச்சு. உங்க உடம்பைப் பார்த்துக்குங்க. இந்த வாரம் பெட்டி இல்ல, அதனால ஜலாலுதீன் கையில இதை மட்டும் குடுத்தனுப்பறேன்.

மார்ச் இருபதாம் தேதி வெயில்ல சேவல் ரெண்டும் செத்துப்போச்சு. சுத்தமான சேவல் கிடைக்கணும்னா ஆறு மாசம் ஆகும்னாங்க. உங்க கடுதாசி வந்துச்சு, கரு இருக்கணும், என் மானம் உன் சேவல் கையிலன்னு. வாசல்ல ஒரே ஒரு சேவல்தான் நின்னுச்சு. முனீஸ்வரனுக்கு விட்டது. உங்க கைக்காக விட்டது. சாமி சேவல்ல என்ன அழுக்கு இருக்கப் போகுதுன்னு பாப்பாத்தி சொன்னா. எனக்குத் தெரியும் அக்கா, தெரிஞ்சுதான் கூட்டுக்கதவைத் திறந்தேன். அவமேல பழி போடல.

பொய் எழுத எனக்குக் கை வரல. அந்த வரியை எழுதினா பொய். அதனால விட்டுட்டேன். முதல் பெட்டி போச்சு. என்னடா வரி காணோம்னு நீங்க கேப்பீங்க, சொல்லிடலாம்னு இருந்தேன். நீங்க கேக்கல. ரெண்டாவது பெட்டி, மூணாவது பெட்டி. தீவனம் மாறிச்சான்னு கேட்டீங்க, தண்ணி மாறிச்சான்னு கேட்டீங்க. கோழியைப் பத்திக் கேக்கல. எனக்கும் கோபம் வந்துச்சு அக்கா. ஊர்ல எல்லார் சீட்டையும் வரி வரியா படிக்கற நீங்க, தம்பி சீட்டை மட்டும் படிக்கலையேன்னு.

ரெஜிஸ்டர்ல நீங்க என்ன எழுதினீங்கன்னு எனக்குத் தெரியாது. சேவல் விஷயம் லேப்புக்குத் தெரிஞ்சா இந்தப் பண்ணையில யாரும் முட்டை வாங்க மாட்டாங்க. உங்க கை சுத்தம்னுதான் தெரிஞ்சுபோச்சே. இதோட விட்டுட முடியாதா?

தங்கள் தம்பி
அழகப்பன்

*

மார்சிலிங், 8 அக்டோபர் 2024

அழகப்பா,

பாப்பாத்தி எழுந்து நடமாடறாளா? அவளைக் குத்தம் சொல்லாதே, அவ எனக்காக வேண்டினா. உன்னைத்தான் நான் மன்னிக்கல.

என்ன நடந்துச்சுன்னு சொல்றேன். ப்ரொஃபசர் லிம் என்னைக் கூப்பிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார வச்சார். உன் கைமேல சந்தேகப்பட்டது என் தப்புன்னார். கான்ட்ராக்ட் புதுசா டைப் அடிச்சு மேசைமேல இருந்துச்சு, பேனாவும் பக்கத்துல. கோழிக்கு வைரஸ் எப்படியோ வந்திருக்கும், பண்ணைன்னா நடக்கறதுதான்னு அவரே காரணமும் சொல்லிட்டார். நான் கையெழுத்துப் போட்டுட்டு எழுந்திருச்சிருக்கலாம். உன் சீட்டெல்லாம் என் கட்டில்ல. ரெஜிஸ்டரை யாரும் புரட்டல.

நான் புரட்டினேன். அவர் முன்னாலயே புரட்டினேன். ஏப்ரல் பதினஞ்சு, "புதுப் பறவை சேரவில்லை, சீட்டு சரிபார்க்கப்பட்டது", கீழே என் கையெழுத்து. ஏப்ரல் இருபத்தொன்பது, அதேதான். பன்னிரண்டு தடவை. நீ எழுதாத வரியை நான் எழுதியிருக்கேன் அழகப்பா. உன் சீட்டுல சுகம் விசாரிக்கற இடம் வரைக்கும் படிச்சுட்டு, தம்பிதானே, என்ன எழுதியிருப்பான்னு, என் வாயால வர்றதை எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கேன். இந்த ஊர்ல ஒரு கடைக்காரன் பில் குடுத்தா மூணு தடவை கூட்டிப் பார்ப்பேன். நீ கேட்டது நியாயமான கேள்வி. அது நியாயமா இருக்கறதுதான் எனக்குத் தாங்கல.

ஆனா ஒன்னு. நான் படிக்காம விட்டது சோம்பல். நீ தெரிஞ்சே எழுதாம விட்டது வேற. ரெண்டையும் ஒரே தராசுல போட்டு என்னை ஏமாத்தாதே.

எல்லாத்தையும் சொல்லிட்டேன். சேவலையும் சொல்லிட்டேன். ப்ரொஃபசர் கண்ணாடியைக் கழட்டினார், துடைக்கல, கையிலேயே வச்சிருந்தார். பன்னிரண்டு பொய்ப் பதிவு இருக்கிற ரெஜிஸ்டரை வச்சுக்கிட்டு என்னால உன் கான்ட்ராக்டைப் புதுப்பிக்க முடியாது கண்மணின்னு சொன்னார். தெரியும்னேன். ஆனா எழுதிக் குடுங்கன்னேன். எதைன்னார். என் கையைப் பத்தின்னேன்.

எழுதிக் குடுத்தார். முதல் வரி, இவருடைய கைத்திறனில் எந்தக் குறையும் இல்லை. ரெண்டாவது வரி, பதிவேட்டைச் சரியாகப் பராமரிக்கவில்லை. வைஷாலி ரெண்டாவது வரியை எடுக்கச் சொல்லி அவர்கிட்ட சண்டை போட்டா. நான்தான் இருக்கட்டும்னுட்டேன். ரெண்டும் உண்மை. டிசம்பர் முப்பத்தொன்னு வரைக்கும் வேலை இருக்கு, நிமிர்ந்துதான் போவேன்.

கூட்டை என்ன பண்ணணும்னு உனக்கே தெரியும். சேவலைக் கோயில்ல கொண்டுபோய் விடு, பூசாரி காலைப் பிடிச்சாவது விடு. தீபாவளிக்கு நான் வரல. நீயும் வராதே. பாப்பாத்தியை மட்டும் அனுப்பு.

அக்கா

*

கூலாய், 4 நவம்பர் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

பாப்பாத்தி தீபாவளிக்கு அங்கே வந்துட்டுத் திரும்பினா. நீங்க இளைச்சுட்டதா சொன்னா. ஆனா கை ஆடாம அதிரசம் தட்டினீங்களாம்.

போன செவ்வாய்க்கிழமை கால்நடை டாக்டர் வந்தார். பெட்டை இருபதையும் அழிச்சு எரிச்சாச்சு. கூட்டைக் கழுவி சுண்ணாம்பு அடிச்சுட்டேன். ஒரு வருஷம் காலியா கிடக்கணும்னார். வாசல்ல சேவலும் இல்ல, கோயில்ல சேர்த்துக்கிட்டாங்க. விடியக்காலையில பழக்கத்துல முழிப்பு வருது, எழுந்து போய் கூட்டுக்கிட்ட நின்னுட்டு வர்றேன்.

உங்களைக் கேள்வி கேட்டு எழுதியிருக்கக் கூடாது. எழுதினதை அழிக்கவும் முடியாது. நீங்க எப்ப வந்தாலும் அந்த ரூம் இருக்கு, வரலைன்னாலும் இருக்கும்.

இனிமே பெட்டி கிடையாது, இந்தச் சீட்டைப் பார்த்து நீங்க எங்கேயும் எழுத வேண்டியதும் இல்ல. இருந்தாலும் எழுதறேன். இந்தத் தடவையாவது கடைசி வரி வரைக்கும் படிங்க.

சுத்தக் கூட்டில் புதுசு எதுவும் சேரவில்லை. பழசும் ஒன்னும் இல்லை.

தங்கள் தம்பி
அழகப்பன்